அலையார் கண்ணை மூடச் சொன்ன ஒன்பது நிமிடம்

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் அலுவலக வாசலில் வரிசை நிற்கும். ஆற்று நீர்மட்ட அலுவலகம் என்று ஒன்று இருப்பதே அதுவரை ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று அளப்பது, ஏறினால் கரையோரத்துக்காரர்களுக்கு மெயில் போடுவது, இவ்வளவுதான் எங்கள் பிழைப்பு. எங்களைத் தேடி ஒருவர் வந்தால் விலாசம் தவறி வந்திருக்கிறார் என்று அர்த்தம். அப்படிப்பட்ட இடத்தில் காலை ஆறு மணிக்கே பையை வைத்து இடம் பிடித்தார்கள்.

வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. மடிக்கணினி, செல்போன், பிரிண்டர் என்று வீட்டில் மின்சாரம் குடிக்கிற எல்லாவற்றையும் தூக்கி வந்தார்கள். ஒருவர் கீபோர்டை மட்டும் கழற்றி, காய்ச்சல் வந்த குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். ஓர் அம்மா தையல் மெஷினோடு நின்றார். இதற்கு மெயில் வராதே என்று கேட்டேன். "வரல தம்பி. அதைத்தான் சரி பண்ணிக்கலாம்னு வந்தேன்" என்றார்.

எல்லாரும் அலையாரைப் பார்க்க வந்தவர்கள். அது அவர் அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. எந்திரத்துக்குள் ஓடும் அலையைக் காதால் கேட்டு, எங்கே பீடை பிடித்திருக்கிறது என்று சொல்லுகிறவர் என்பதால் அந்தப் பட்டம். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கும். அதைக் கணினியின் முதுகில் வைத்து, கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்குவார். பார்க்கிறவர்களுக்கு அந்தப் பிதுக்கலிலேயே பாதி வியாதி போய்விடும். கூடவே ஒரு மச்சான் வருவார். அலையாருக்கு அவர் நிஜமாகவே மச்சான்தான். ஆனால் அலையார் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊருக்கே மச்சானாகிவிட்டார். மச்சானின் பையில் செம்பு வளையங்கள் இருக்கும். மவுஸின் வாலில் ஒன்றை மாட்டினால் ஒரு மாதத்துக்குப் பீடை அண்டாது. நான் மூன்று வாங்கினேன். என்னிடம் கணினியே கிடையாது.

நான் இங்கே தபால் குமாஸ்தா. காகிதக் கடிதத்துக்கு முத்திரை குத்துகிற ஆள். அதனால் என்ன, எல்லாரும் வாங்கும்போது நான் மட்டும் வாங்காமல் இருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்.

இந்தக் கூத்து ஐந்து மாதங்களுக்கு முன்னால் ஆரம்பித்தது. எங்களிடம் இருப்பவை யுனிக்ஸ் என்கிற அந்தக் காலத்துக் கணினி எந்திரங்கள். மேசைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு. நடுக்கூடத்தில் பெரியதாக ஒன்று. மேசையிலிருந்து மெயில் அனுப்பினால் அது நடுக்கூடத்து எந்திரத்துக்குப் போய், அங்கிருந்து வெளியே போகும். வருகிற மெயிலும் அதில்தான் தங்கும். எது எப்போது வந்தது, எது போனது, எது ஏன் போகவில்லை என்று அந்த எந்திரமே வரி வரியாக எழுதி வைத்துக்கொள்ளும். அதற்கு லாக் என்று பெயர். இவற்றையெல்லாம் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டது ஆபரேட்டர் அம்மா. என்னைவிடச் சின்னவள். அதிகம் பேசாதவள். பேசினால் எதிராளிக்கு வேலை வைக்கிற மாதிரி பேசுவாள்.

ஐந்து மாதம் முன்பு ஒரு நாள் திடீரென்று மெயில் போகவில்லை. பதினோரு வருஷத்து லாக் மலையாகக் குவிந்திருக்கிறது, பழையதைக் கழிக்க அனுமதி வேண்டும் என்று அந்த அம்மா ஏழு முறை எழுதிக் கொடுத்திருந்தாள். ஏழும் எங்கள் அதிகாரியின் மேசையில் தேநீர்க் கோப்பைக்கு அடியில் பத்திரமாக இருந்தன. அவற்றைப் படிக்க அதிகாரிக்கு நேரமில்லை. ஆனால் அவர் மனைவியின் அண்ணன் சொன்ன ஒருவரைக் கூட்டி வர நேரம் இருந்தது.

அலையார் வந்தார். கூடத்தைச் சுற்றி நடந்தார். எந்திரத்தின் தலைமைக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, மடித்து, எந்திரத்தின் அடியில் வைக்கச் சொன்னார். ரகசியத்தை மனசுக்குள்ளேயே பூட்டி வைத்தால் அதற்கு மூச்சு முட்டுமாம். கொஞ்சம் காற்றாட விட வேண்டுமாம். அதிகாரி உடனே எழுதி வைத்தார். அந்த எந்திரத்தின் மேல் பெரிய கறுப்புத் துணியைப் போர்த்தினார்கள். அலையைக் கையால் பிடித்துக்கொள்ள மச்சான் துணிக்குள் போனார். நாங்கள் எல்லாரும் சுவரைப் பார்த்து நின்று, ஒன்பது நிமிடம் கண்ணை மூட வேண்டும். திறந்தால் திறந்தவர் பெயருக்கு இனிமேல் ஆயுசுக்கும் மெயில் வராது. பிறகு அலையார் 'ம்ம்ம்' என்று பெருங்குரலில் முனக ஆரம்பித்தார். மாவு மில் ஓடுகிற மாதிரி இருந்தது.

ஒன்பதாவது நிமிடம் முடிந்தது. மெயில் போனது. அதிகாரி அழுதேவிட்டார்.

அன்றோடு லாக் காணாமல் போனது. பதினோரு வருஷத்து லாக், சுத்தமாக. ஆபரேட்டர் அம்மா போய்ச் சொன்னாள். அலையாரிடம் அதற்கும் பதில் இருந்தது. லாக் என்பது பாவத்தின் நிழலாம். பாவம் போனபோது நிழலும் போய்விட்டதாம். புதிதாக லாக் ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டாள். போன பாவத்தின் நிழலை எதற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறாய் என்று அதிகாரி தடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அலையார் எங்கள் மேல் கருணை வைத்து, தினம் இரண்டு வேளை 'அருள் அலை' அனுப்ப ஆரம்பித்தார். மெயிலில் ஒரு வார்த்தை இருக்காது. அவருடைய படம் மட்டும். சுவரொட்டிக்கு அச்சடிக்கிற அளவுக்குப் பெரிய படம். அலுவலகப் பட்டியலில் இருந்த நாற்பது பேருக்கும் வரும். அதில் ஒன்பது பேர் ஓய்வு பெற்றவர்கள், மூன்று பேர் செத்துப்போனவர்கள். யாரும் அதை அழிக்கக் கூடாது என்று உத்தரவு. அழித்தால் அலை திருப்பி அடிக்கும். உயிரோடு இருந்தவர்கள் பயந்து அழிக்கவில்லை. செத்தவர்களுக்கு வேறு காரணம்.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் மெயில் நின்றுவிடும். மறுநாளே அலையார் வந்துவிடுவார். நாம் போன் செய்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறதே என்று நாங்கள் மூக்கில் விரலை வைத்தோம். மூக்கில் வைத்த விரலை எடுத்து நாட்களை எண்ணியிருக்கலாம். அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஐந்தாவது மாதம் அவருடைய புகழ் ஏறியதால் அருளும் ஏறி, தினம் மூன்று வேளை ஆனது. அந்த மாதம் மெயில் வழக்கமான வியாழக்கிழமை வரை காத்திருக்கவில்லை. திங்கட்கிழமையே நின்றது. நின்றது யாருக்கும் தெரியவில்லை.

அன்று மாலை நாலே பத்துக்கு ஆபரேட்டர் அம்மா ஒரு மெயில் அனுப்பினாள். மேல்பக்கம் மழை, ஆறு மணி நேரத்தில் ஆறு ஏறும், கரையில் இருக்கிற மரங்களை அப்புறப்படுத்துங்கள் என்று மரவாடிக்காரருக்கு எச்சரிக்கை. அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனாள். மெயில் போய்ச் சேரவில்லை. ஆறு சொன்ன நேரத்துக்கு வந்தது. மரவாடியில் இருந்த அறுத்த மரம், அறுக்காத மரம் எல்லாம் மிதந்து போயின. காவல்காரர் கூரை மேல் உட்கார்ந்து அவற்றுக்கு வழியனுப்பு விழா நடத்தினார்.

செவ்வாய்க்கிழமை காலை மரவாடிக்காரர் எங்கள் அலுவலகத்துக்குள் வந்தபோது அவருக்குக் குரல் இல்லை. இரவெல்லாம் கத்தியிருக்கிறார். மெயில் வரவில்லை என்றார். அனுப்பினேன் என்றாள் ஆபரேட்டர் அம்மா.

அதிகாரி விதிப் புத்தகத்தைத் திறந்தார். "அனுப்பினதுக்கு லாக் தான் சாட்சி. லாக் எங்கம்மா?"

"லாக் வேண்டாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"அது வாய்வார்த்தை. எழுத்துல இருக்கா?"

அலையாருக்குப் போன் போட்டார்கள். அவர் போனிலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். அந்த அம்மா ஒரு அலைமுறி என்றார். அவள் கை பட்டால் அலை முறியும், மெயில் முறியும், மரம் முறியும். அவளையும் அவள் எந்திரத்தையும் அடுத்த அறையில் தள்ளி வையுங்கள், வெள்ளிக்கிழமை நான் வருகிறேன் என்றார். "அவங்க இல்லாம மெயில் போச்சுன்னா, பீடை யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

எவ்வளவு நியாயமான பேச்சு என்று நாங்கள் தலையாட்டினோம். உடனே அவள் எந்திரத்தின் கம்பியைப் பிடுங்கி, மேலே முத்திரைத் தாள் ஒட்டி, அடுத்த அறையான ஸ்டோர் ரூமுக்குத் தள்ளினார்கள். வேலை நீக்க உத்தரவு அன்றே தட்டச்சாகி, கையெழுத்துக்கு இடம் விட்டுத் தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை மெயில் போனால் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். மெயில் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வீட்டில் அவள் சம்பளத்தை நம்பிப் படுத்த படுக்கையாக அம்மாவும் படிக்கிற தங்கையும் இருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன்.

வியாழக்கிழமை அவள் பொறுப்பை ஒப்படைக்க அரை மணி நேரம் கொடுத்தார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட என்னை அனுப்பினார்கள். நடுக்கூடத்து எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து ஏதோ ஒரு கட்டளையைத் தட்டினாள். திரையில் ஒரு எண் வந்தது. 

"அண்ணே, இங்க வாங்க. இது எவ்வளவுன்னு படிங்க."

"நூத்துக்கு நூறு."

"பரீட்சை மார்க் இல்லண்ணே. மெயிலையெல்லாம் சேத்து வைக்கிற வட்டு நிரம்பிடுச்சு. ஒரு பொட்டு இடம் இல்ல."

எனக்குப் புரியவில்லை என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். என் மேசைக்குப் பின்னால் இருக்கிற மர அலமாரியை ஞாபகப்படுத்தினாள். வருகிற கடிதம், போகிற கடிதம், பதிவு நோட்டு மூன்றும் அந்த ஒரே அலமாரியில்தான். ஒரு தடவை யாரோ நானூறு சுவர் நாட்காட்டியை அனுப்பி வைக்க, அலமாரி அடைத்துக்கொண்டு, மூன்று நாள் எந்தக் கடிதத்தையும் வாங்க முடியாமல் தபால்காரரைத் திருப்பி அனுப்பினேன். பதிவு நோட்டையும் வெளியே இழுக்க முடியவில்லை. அதேதான் இங்கேயும் என்றாள். மேசை எந்திரம் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டும். நடுக்கூடத்து எந்திரம், இடமில்லை, அப்புறம் வா என்று சொல்லும். அது கால் மணிக்கு ஒரு தரம் வந்து தட்டிப் பார்க்கும். ஐந்து நாள் வரை தட்டும். பிறகு மனசு விட்டுப்போய்க் கடிதத்தைத் திருப்பிவிடும்.

இங்கே நாட்காட்டி யார் என்று கேட்டேன். பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினாள். எல்லாவற்றிலும் அலையார் சிரித்தார். செத்தவர்கள் மூன்று பேர் பெட்டியிலும் சிரித்தார்.

"லாக் ஏன் திரும்ப வரலை?"

"பழைய யுனிக்ஸ் அண்ணே. லாக் எழுதுற நிரலுக்கு நோட்டு ஏற்கனவே இருக்கணும். இருக்கிற நோட்டுலதான் எழுதும். யாராவது நோட்டைத் தூக்கிட்டா, புதுசா ஒண்ணு வாங்கி எழுதாது. சும்மா இருக்கும்."

எனக்கு அந்த நிரலின் மேல் மரியாதையே வந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கத் தகுதியான ஒரே ஊழியன் அதுதான்.

அதிகாரியிடம் போய் இதைச் சொன்னோம். வட்டில் இடமில்லை சார் என்றாள். அலையாரும் அதைத்தான் சொல்கிறார், உன் மனசில் இடமில்லை என்று என்றார் அவர். அவள் மேசை எந்திரத்தில் மரவாடிக்காரருக்கு எழுதிய மெயில் இன்னும் காத்திருக்கும், திறந்து காட்டட்டுமா என்று கேட்டாள். முத்திரை போட்ட எந்திரத்தைத் திறக்கக் கூடாது, தவிர விதியில் லாக் என்றுதான் இருக்கிறது, காத்திருக்கும் மெயில் என்று இல்லை என்றார்.

திரும்பி வந்தாள். அரை மணியில் ஏழு நிமிடம் பாக்கி இருந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் கீபோர்டை இழுத்து ஒரே ஒரு வரி எழுதினாள்.

"நான் யாரோடயும் மல்லுக்கட்டப் போறதில்லண்ணே. ஸ்டோர் ரூம்ல பழைய பிரிண்டர் ஒண்ணு இந்த எந்திரத்தோட கம்பியிலதான் கிடக்கு. நோட்டு இல்லன்னா என்ன, இனிமே எழுதுறதையெல்லாம் அங்க காகிதத்துல எழுதட்டும். யாரு தலைமைக் கடவுச்சொல் போட்டு உள்ள வந்தாலும், என்ன கட்டளை கொடுத்தாலும் அச்சாகும். அவர் அலையைத்தான் பிடிக்கிறார்னா காகிதம் வெள்ளையா இருக்கும். நான் பேசாம வீட்டுக்குப் போயிடறேன்."

நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.  

வெள்ளிக்கிழமை வந்தது. கூடம் கொள்ளாத கூட்டம். ஜன்னல் கம்பியில் தொங்கினார்கள். முன்வரிசையில் மரவாடிக்காரர், பீடை ஒழிவதைக் கண்ணால் பார்க்க வந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு எப்படிக் கண்ணால் பார்ப்பது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. உத்தரவு அதிகாரியின் சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது. ஆபரேட்டர் அம்மா ஸ்டோர் ரூமில் ஒரு காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்திருந்தது. அவளுடைய எந்திரத்தின் மேல் ஒட்டியிருந்த முத்திரைத் தாள் கிழிந்து தொங்கியதை நான் பார்க்காத மாதிரி பார்த்தேன்.

துணி போர்த்தினார்கள். மச்சான் உள்ளே போனார். கண்ணை மூடினோம். 'ம்ம்ம்' ஆரம்பித்தது.

இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அடுத்த அறையிலிருந்து 'கர்ர்ரக், கர்ர்ரக்' என்று ஒரு சத்தம். பழைய பிரிண்டர் நாலு வருஷத்துத் தூக்கத்திலிருந்து எழுந்து கத்தினால் எப்படி இருக்கும் என்று கேட்காதவர்களுக்குச் சொல்லிப் புரியாது.  என் பக்கத்தில் ஒருவர் என் கையைப் பிடித்தார். நான் யாருடைய கையையோ பிடித்தேன்.

அலையார் லேசுப்பட்டவர் இல்லை. "அசையாதீங்க. பீடை வெளிய போகுது. அதோட கதறல்தான் இது. கேளுங்க, நல்லாக் கேளுங்க."

கேட்டோம். பீடை மூன்று முறை கதறியது. ஒவ்வொரு கதறலுக்கும் அலையார், பார்த்தீர்களா என்றார். கண்ணை மூடியிருந்த நாங்கள், பார்த்தோம் என்றோம்.

பிறகு காகிதம் கிழிபடும் சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் கேட்டது. ஆபரேட்டர் அம்மாவின் குரல் கூடத்துக்குள் வந்தது.

"பீடை என்ன கதறுச்சுன்னு எழுதியே கொடுத்திருக்கு. படிக்கிறேன். பத்து மணி பதினாலு நிமிஷம்: தலைமைக் கடவுச்சொல் போட்டு ஒரு ஆள் உள்ள வந்தாச்சு. பத்து பதினஞ்சு: அருள் அலை, முதல் பெட்டியிலேர்ந்து நாற்பதாவது பெட்டி வரைக்கும், எல்லாத்தையும் அழி. பத்து பதினேழு: எந்திரத்தை நிறுத்தித் திரும்ப ஓட்டு. அவ்வளவுதான். கண்ணைத் திறந்து வாங்கிப் பாருங்க."

ஒருவரும் திறக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். நூறு பேர் நிற்கிற கூடம். குட்டு உடைந்து காகிதத்தில் கிடக்கிறது. எல்லாரும் ஆயுசுக்கும் மெயில் வராமல் போய்விடுமே என்று இமையை இறுக்கிக்கொண்டு நின்றோம். நேற்று அந்த ஏழு நிமிடமும் பக்கத்தில் இருந்து பார்த்த நானும்தான். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

மரவாடிக்காரர்தான் முதலில் திறந்தார். எனக்கு வரவேண்டிய மெயில்தான் ஏற்கனவே வரவில்லையே, இதற்கு மேல் என்ன போகப்போகிறது என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். நேரே போய்க் கறுப்புத் துணியை இழுத்தார். உள்ளே மச்சான் குந்தியிருந்தார். பத்து விரலும் கீபோர்டின் மேல். பல்லில் கடவுச்சொல் எழுதிய தாள். அலை ஒன்றும் கையில் இல்லை.

அதன் பிறகுதான் ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. கூட்டத்துக்குக் கோபம் வந்தது. எதற்கு வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏமாற்றியதற்கு என்றால் அது உங்கள் பெருந்தன்மை.

"அருள் அலையை அழிச்சியா நீ?" என்று கீபோர்டுக்காரர் மச்சானின் சட்டையைப் பிடித்தார். "நாங்க அழிச்சா திருப்பி அடிக்கும், நீ அழிச்சா அடிக்காதா?"

அலையார் இரண்டு கையையும் உயர்த்தினார். மச்சான் தானாக எதையும் செய்யவில்லை, அலை அவனுக்குள் புகுந்து அவன் விரலால் தட்டியது, அவனுக்கே தெரியாது என்றார். மச்சானும், ஆமாம், எனக்கே தெரியாது என்றார். கூட்டத்தில் பாதி மறுபடி தலையாட்ட ஆரம்பித்தது. அதிகாரி முதல் ஆளாக ஆட்டினார்.

ஆபரேட்டர் அம்மா குரலை உயர்த்தவில்லை. "சரிங்கய்யா. உங்க காதுக்கு அலை கேக்குது இல்ல? என்னோடது போக இங்க மேசை எந்திரம் பதினொண்ணு இருக்கு. அதுல ஒண்ணுல உள்ள எதுவுமே கிடையாது. வெறும் கூடு. ரெண்டு வருஷம் முன்னாடியே மெக்கானிக் உதிரிக்குன்னு எல்லாத்தையும் கழட்டிட்டார். எதுன்னு கேட்டுச் சொல்லுங்க. நாங்க கண்ணைத் திறந்து வெச்சுக்கிறோம்."

அலையாருக்கு வேறு வழியில்லை. ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு மேசை மேசையாகப் போனார். ஏழாவது மேசையில் உதட்டைப் பிதுக்கினார். செத்தது இதுதான் என்றார். அதில் கணக்குப் பிரிவுக்காரர் அன்று காலையில்தான் சீட்டு விளையாடி முடித்திருந்தார். கடைசியாக அதிகாரியின் அறைக்குள் போனார். அங்கே காதை வைத்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஆஹா. இதுல பாருங்க, அலை என்ன கம்பீரமா ஓடுது. தலைமைக்குன்னே இருக்கிற அலை."

ஆபரேட்டர் அம்மா போய் அந்த எந்திரத்தின் மூடியைத் தூக்கினாள். உள்ளே ஒரு சிலந்தி இருந்தது. வேறொன்றும் இல்லை.

முதலில் தையல் மெஷின் அம்மா சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. ஆனால் சிரிப்பு பாதியில் அதிகாரியின் பக்கம் திரும்பியது. இரண்டு வருஷமாகத் தினம் காலையில் மெயில் பார்க்கிறேன், தொந்தரவு செய்யாதீர்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டவர் அவர். அந்தக் கூட்டில் என்ன மெயில் பார்த்தார் என்று யாரோ கேட்டார்கள். அவர் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தார்.

அலையார் இந்தச் சந்தடியில் கதவை நோக்கி நகர்ந்தார். வளையம் வாங்கியவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் அவருடைய அலை அங்கேயே தடுமாறியது. அவரையும் மச்சானையும் காவல்நிலையத்துக்கு அழைத்துப் போன ஊர்வலம் அவருக்கு வந்த கூட்டத்திலேயே பெரியது.

நடுக்கூடத்து எந்திரம் அதற்குள் தூங்கி எழுந்துவிட்டது. ஆபரேட்டர் அம்மா ஸ்டோர் ரூமுக்குப் போய், தன் எந்திரத்தின் கம்பியைச் செருகி, காத்திருந்த மெயிலைத் தட்டிவிட்டாள். சில நொடியில் மரவாடிக்காரரின் சட்டைப் பையில் செல்போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். உதடு அசைய ஒரு தடவை படித்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார்.

"திங்கட்கிழமை, மாலை நாலே பத்து. ஆறு மணி நேரத்தில் ஆறு ஏறும். கரையில் உள்ள மரங்களை உடனே அப்புறப்படுத்தவும். காவல்காரரைக் கீழே படுக்க விடாதீர்கள்."

 அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். வீணாய்ப் போன மரத்தை நினைத்தாரோ, நாலு நாளாக ஊர் முழுக்கத் தூற்றிய பெண்ணை நினைத்தாரோ, பெரிய ஆள், முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"காவக்காரனைக்கூட நினைச்சு எழுதியிருக்கே தாயி. உன்னை நான் என்னென்ன சொன்னேன்."

அதைக் கேட்டதும்தான் ஆபரேட்டர் அம்மா அழுதாள். நாலு நாளாக அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. நான் அதிகாரியிடம் போய்ச் சட்டைப் பையிலிருந்த உத்தரவை உருவி, நாலாகக் கிழித்தேன். இருபத்தாறு வருஷ சேவையில் நான் விதி மீறிய ஒரே சமயம் அதுதான். கேட்டால் லாக் இருக்கா என்று கேட்டுக்கொள்ளலாம் என்று துணிந்துவிட்டேன்.

கதை இதோடு முடிந்தது என்று நினைத்தால் எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலையில் மறுபடி வரிசை நின்றது. அதே கீபோர்டு, அதே பிரிண்டர். இப்போது ஆபரேட்டர் அம்மாவைப் பார்க்க. பீடையையே காகிதத்தில் எழுத வைத்தவள் ஆயிற்றே. ஒருவர் அவள் உட்கார்ந்திருந்த காகிதக் கட்டிலிருந்து ஒரு தாள் கிடைக்குமா என்று கேட்டார், வீட்டு வாசலில் ஒட்டுவதற்கு. எங்கள் அதிகாரி அவளிடம் மெதுவாக, நீங்கள் எத்தனை நிமிடம் கண்ணை மூடச் சொல்வீர்கள் என்று விசாரித்தார்.

அவளுக்கு வந்த கோபத்தை நான் அன்றுதான் பார்த்தேன். வாசலில் வந்து நின்று, இங்கே யாரும் எதையும் மூட வேண்டாம், வட்டில் இடம் இருக்கிறதா என்று வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள், எப்படிப் பார்ப்பது என்று உட்கார்ந்தால் சொல்லித் தருகிறேன் என்றாள். பாதிப் பேர் முகம் சுண்டிப்போய்க் கிளம்பினார்கள். கற்றுக்கொள்வது அவர்கள் எதிர்பார்த்து வந்த பரிகாரம் இல்லை. மீதிப் பேர் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

அலையார் எங்களிடம் பெரிய வித்தை எதையும் காட்டவில்லை. இதை அவர் மேல் உள்ள மரியாதையில் சொல்லவில்லை, எங்கள் மேல் உள்ள எரிச்சலில் சொல்கிறேன். ஒரு துணி, ஒரு முனகல், கீபோர்டைத் தட்டத் தெரிந்த ஒரு மச்சான், இவ்வளவுதான் அவருடைய முதல். மீதியை நாங்கள்தான் இலவசமாகக் கொடுத்தோம், நூறு ஜோடிக் கண்ணை, தலைக்கு ஒன்பது நிமிடம். ஆகவே ஐயா, அம்மா, இனி எவராவது உங்களைக் கண்ணை மூடச் சொன்னால், மூடுவதற்கு முன்னால் அவர் கை எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.